பாலில் கரைக்கச் சொன்ன குளிசை

தம்பி,

நீ இதை வாசிக்கும்போது நான் பத்தடி தூரத்தில் குசினிக்குள்தான் நிற்பேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு தாய் மகனுக்குக் கடிதம் எழுதுவது விசர் வேலை என்று உனக்குப் படும். படட்டும். முப்பத்தொரு வருடமாக உன்னோடு சோறு, சோதினை, சேர்ட்டுக்குப் பொத்தான் என்று எவ்வளவோ கதைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாயால் கதைக்க நான் பழகவே இல்லை. இப்போது வாயைத் திறந்தால் ஒன்றில் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டுக்கும் உன் அப்பா "அவவுக்குப் பிரஷர் கூடிப்போச்சு" என்று ஒரு வசனத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார். அதனால்தான் காலைச் சமையலை முடித்து, நீ வேலைக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. விரித்தபடியே மேசையில் கிடக்கும். அப்பாவும் வாசிக்கலாம். கிருலப்பனை மாமி வந்தால் அவவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசிக்கலாம். இந்த வீட்டில் ஒளித்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீ அதை மறந்திருப்பாய், அல்லது மறந்தது போல இருப்பாய். நாங்கள் நாலு பேரும் இதே மேசையில் இருந்தோம். நீ, அப்பா, அப்பாவின் அக்காவாகிய கிருலப்பனை மாமி, நான். பிஸ்கட் டின்னில் போனைச் சாத்தி வைத்திருந்தோம். போனுக்குள் ரொட்டர்டாமிலிருந்து மிதுலா. வருகிற சனிக்கிழமை அவள் விமானம் ஏறுகிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலி வீதி மண்டபத்தில் உங்கள் இருவருக்கும் கலியாணம். அந்த நாளைக் குறிக்கும் முன் மாமி அவளுடைய தாயிடம் "பிள்ளைக்கு எந்தெந்தத் திகதி?" என்று கேட்டு வாங்கி, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பெண்ணுடைய உடம்பின் கணக்கு எங்கள் பஞ்சாங்கத்தில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் முகம் சுழிக்கவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் அவளுக்கு நாள் கொஞ்சம் பிந்தி வந்துவிட்டது. உடம்பு பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே! மாமி பதறிப்போனா. "பிள்ளை, அப்ப வெள்ளிக்கிழமையோட முட்டப் போகுதே? ஒரு குளிசை இருக்கு. நாலு நாள் போட்டாத் தள்ளிப் போயிடும். எல்லாரும் செய்யிறதுதான்" என்றா. மிதுலா நிதானமாகத்தான் பதில் சொன்னாள். "எனக்கு அது ஒத்துவராது மாமி. எனக்குக் கடுமையான தலையிடி வாறது. டொக்டரே அந்த மாதிரிக் குளிசை வேண்டாம் எண்டவர். வந்தா வரட்டுமே, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ! மணவறையில, ஐயருக்கு முன்னால, அக்கினிக்கு முன்னால துடக்கோட இருக்கிறதோ?"

"ஐயருக்கு ஆர் மாமி சொல்லப் போறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அப்போதுதான் அவள் உன்னை நேரே பார்த்து, "நீங்க என்ன சொல்லுறீங்க?" என்று கேட்டாள். நீ போனைப் பார்க்காமல் பிஸ்கட் டின்னைப் பார்த்தபடி சொன்னாய்: "நாலு நாள்தானே, மிது. பெரியாக்கள் சொல்லீனம். நீர் ஏன் சும்மா இழுக்கிறீர்?" அவள் சொன்னாள்: "நான் போடமாட்டன். அது உங்களுக்குப் பிரச்சினை எண்டா, நான் பிளேன் ஏற முதல் சொல்லுங்கோ." போன் நின்றது.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பிள்ளை படிப்பான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு மாங்காய்ச் சம்பல் அரைக்கப் போயிருப்பேன். ஆனால் மாமி பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, "விடு ராசா. வந்து இறங்கட்டும். பாலுக்குள்ள கரைச்சுக் குடுத்தாச் சரி. ஆருக்குத் தெரியப் போகுது? கொம்மாவும் உன்ர அக்காவுக்கு விற்றமின் எண்டு சொல்லித்தானே குடுத்தவ" என்று சொன்னா. நீ சிரித்தாய். வாய்விட்டுச் சிரித்தாய். சிரித்து முடித்து என்னிடம் திரும்பி, "அம்மா, எதுக்கும் வாங்கி வையுங்கோ" என்றாய்.

சீ!

இந்த ஒரு சொல்லை ஞாயிற்றுக்கிழமையே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். தனக்கு ஒத்துவராது என்று ஒருத்தி வாயால் சொன்ன மருந்தை, அவளுக்குத் தெரியாமல், அவளை வரவேற்கிற பாலில் கரைப்பது. அதைக் கேட்டுச் சிரிப்பது. பூச்சிமருந்து கலக்கிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் பெற்று, குளிப்பாட்டி, தலை துடைத்து வளர்த்த பிள்ளையின் சிரிப்பு என் காதுக்குள் ஊத்தைத் தண்ணீர் போனது போல நாலு நாளாக நிற்கிறது. உன்னைப் பார்க்கவே அரியண்டமாக இருக்கிறது. இதைத் தாய் எழுதலாமா என்று கேட்காதே. தாய்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அந்தச் சிரிப்பை உனக்குப் பழக்கியது நான்தான். உன்னில் வருகிற அருவருப்பில் முக்கால்வாசி என்மேல்தான் வருகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, உனக்கு ஒன்பது வயதில் அக்காவுக்கு "அம்மாள் வருத்தம்" வந்தது? அக்காவுக்கு அப்போது பதின்மூன்று. அவள் பள்ளிக்கூடத்தால் வந்து அழுதுகொண்டு நின்றதும் நான் முதலில் செய்த வேலை உன்னை அந்த இடத்தை விட்டு அகற்றியதுதான். "அக்காவுக்கு அம்மாள் போட்டிருக்கு, கிட்டப் போகாதை, தொற்றிவிடும்" என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றி மாமி வீட்டுக்கு அனுப்பினேன். வாசலில் வேப்பிலை இருந்தது, தனிப் பாய் இருந்தது, தனிக் கோப்பை இருந்தது. எல்லாம் அம்மாளுக்குப் பொருந்தித்தானே வருகிறது! எனக்கு அந்தப் பொய் மிகவும் வசதியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உன்னைக் கூட்டிவந்தால், மண்டபத்தில் மேளம், வீடியோ, முந்நூறு பேருக்குச் சாப்பாடு, நடுவில் அக்கா கல்யாணப் பெண் மாதிரிச் சாறி கட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ எல்லாருக்கும் கேட்க, "அம்மாள் மாறினா ஏன் சாறி உடுத்திறது?" என்று கேட்டாய். மண்டபமே சிரித்தது. அப்பா உன் வாயில் ஒரு வடையை வைத்து அடைத்தார். ஒருவர்கூட உனக்குப் பதில் சொல்லவில்லை.

பிறகு என்ன நடந்தது? அக்கா தொட்ட கோப்பையில் நீ சாப்பிடமாட்டாய். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தாய். அவளுக்குப் பக்கத்தில் நீ உட்காரமாட்டாய், தொற்றிவிடும் என்று. அவள் குசினிக்குள் போய் அழுவாள். நான் அவளுக்குத்தான் சொன்னேன், "சின்னப் பிள்ளைதானே, விடு" என்று. உனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் உன் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் அவர்களுக்குத் தெரிந்த ஊத்தைப் பாஷையில் உனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு "துடக்கு" என்றாய். நான் அப்போதும் உன்னை அடிக்கவில்லை. இதோடு ஒரு வேலை மிச்சம், இனி இவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. கேட்கவே நாறுகிறது, இல்லையா? எழுதவும் நாறத்தான் செய்கிறது.

ஆம்பிளைப் பிள்ளை என்று உன்னை எப்படி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா ஏழு வயதிலேயே தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினாள், பிறகு உன்னுடையதையும் சேர்த்துக் கழுவினாள். நீ இன்றுவரை கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்புகிறாய். உனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தது நான். எத்தனை வயதுவரை என்று நினைக்கிறாய்? உனக்கு முப்பத்தொரு வயது, போன திங்கட்கிழமையும் எடுத்து வைத்தேன். பாண் வாங்கக் கடைக்கு நீ போவாய், ஆனால் அக்காவுக்கு மாதாமாதம் தேவையான பக்கற்றை வாங்க மழையென்றாலும் நான்தான் போகவேண்டும். கடைக்காரன் அதைப் பேப்பரில் சுற்றி, கறுத்த சொப்பிங் பைக்குள் போட்டு, கள்ளக் கசிப்புப் போத்தல் விற்கிறவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துத் தருவான். நானும் அப்படியே வாங்கி வருவேன். அப்பா முப்பத்தாறு வருடத்தில் ஒருதரம்கூட வாங்கியதில்லை. "அது பொம்பிளையளின்ர விஷயம்" என்று பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். பொம்பிளைகளின் விஷயம் என்றால் கலியாண நாளைக் குறிக்கிறபோது மட்டும் ஏன் வீட்டிலுள்ள ஆம்பிளைகள் எல்லாரும் கூடியிருந்து கேட்கிறீர்கள்? அதை ஒருதரம் அவரிடம் கேட்க வேண்டும். இந்தத் தாளில் கேட்டுவிட்டேன்.

இதையெல்லாம் படிக்காத பொம்பிளை செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் யார்? இருபத்தாறு வருடம் கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்தப் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்று ஒரு அலகு இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் புதுப் புத்தகங்கள் வந்ததும் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பக்கங்களை மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பின் அடித்து மூடிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். நாற்பது புத்தகம். அரசாங்கம் சும்மா தந்த புத்தகத்துக்கு என் கைக்காசில் பின். "இது சோதினைக்குப் பெரிசா வராது, வீட்டில வாசியுங்கோ" என்று ஒரு வசனம். பின் கழற்றத் தெரியாத பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது? முதல் நாளே கழற்றிவிடுவார்கள். கழற்றிப் பார்த்ததைக் கேட்கத்தான் ஆளிருக்காது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான் என் படிப்பித்தல்.

நான் மட்டும் என்று நினைக்காதே. எங்கள் ஆசிரியர் அறையில் வேதக்காரர், சைவர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் இருந்தோம். பெருநாளுக்கு விடுமுறை, பிரார்த்தனைக்கு நேரம், கன்டீனுக்கு என்ன சாப்பாடு என்று எல்லாவற்றிலும் சண்டை வரும். அந்த அலகு வந்தால் மட்டும் ஒற்றுமை! "பிள்ளையளுக்கு எங்கட கலாசாரம் கெட்டுப்போகும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். ஒவ்வொருவருக்கும் அது தங்கள் தங்கள் கலாசாரம். நாங்கள் இருக்கும் இந்த மாடியில் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் தன் மகளை அறைக்குள் வைத்து, ஆம்பிளை முகமே பார்க்கவிடாமல், நேரம் பார்த்துக் குளிக்க வார்த்து, பிறகு ஊரைக் கூட்டி விருந்து வைத்தா. "அப்பித் எஹெமமய், மிஸ்" என்று என்னிடம் சொன்னா. நாங்களும் அப்படித்தான் என்று. ஓம், எல்லாரும் அப்படித்தான். விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஒருவருக்கும் வாய் வராது. மேளம் அடிக்கச் சொன்னால் எல்லாரும் அடிப்போம்.

வெளிநாட்டில் வேறு மாதிரி என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிச்சயதார்த்தத்துக்கு மிதுலா வந்தபோது குசினிக்குள் எனக்கு வெங்காயம் வெட்டித் தந்துகொண்டே ஒரு கதை சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் பெடியன்களையும் பெட்டைகளையும் ஒன்றாக இருத்தித்தான் இந்தப் பாடம் எடுப்பார்களாம். பெடியன்களும் சானிட்டரி பாட் ஒன்றைப் பிரித்து, கலர்த் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டுமாம். முதலில் எல்லாரும் சிரிப்பார்களாம், மூன்றாவது பாட் பிரிக்கும்போது சிரிப்பு நின்றுவிடுமாம். ஆனால் இதெல்லாம் அவள் பார்த்ததல்ல. அவளுடைய அப்பா அவளை அந்த வகுப்புக்கு விடவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்து லைப்ரரியில் இருத்திவிட்டார். அங்கே அவளோடு ஒரு துருக்கிப் பிள்ளை, ஒரு மொரோக்கோப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிள்கூட ஓட்டாத கடுமையான வேதக்கார வீட்டு வெள்ளைப் பிள்ளை ஒன்று. நாலு பேரும் நாலு நாட்டு அப்பாமாரின் நாலு கடிதத்தோடு இருந்தார்களாம். எங்கள் ஆசிரியர் அறை அப்படியே ஒல்லாந்துக்குப் போய் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

கதை இன்னும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அவளுடைய தம்பியின் முறை வந்தபோது அப்பா அவனைத் தடுக்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளைதானே! அவன் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த மிதுலாவுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தானாம். கொப்பியில் படம் கீறிக் காட்டினானாம். அவளுக்கு அப்போதே நாள் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அவள் பெரியபிள்ளையானாள் என்று முந்நூறு பேரைக் கூட்டி, பல்லக்கில் தூக்கி, அல்பம் அடித்துக் கொடுத்தது அதே அப்பாதான். என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னது பதினொரு வயதுத் தம்பி. "அவன்தான் மாமி எனக்கு டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அன்றைக்கு வெங்காயத்தைச் சாட்டாக வைத்துக் கண்ணைத் துடைத்தேன். அப்படி ஒரு தம்பியோடு வளர்ந்தவள் உன்னைப் பார்த்து "நீங்க என்ன சொல்லுறீங்க?" என்று கேட்டாள். நீ பிஸ்கட் டின்னைப் பார்த்தாய்.

செவ்வாய்க்கிழமை நான் பாமசிக்குப் போனேன். ஓம், போனேன். நீ சொன்னாய், மாமி சொன்னா, கால் பழகின பாதையில் போய்விட்டது. வாங்கி வைப்போம், பிறகு யோசிப்போம் என்று ஒரு களவு நினைப்பு. கவுண்டரில் வெள்ளைக் கோட்டோடு நின்ற பெண் நான் குளிசையின் பெயரைச் சொன்னதும் என்னை உற்றுப் பார்த்து, "டீச்சர், என்னைத் தெரியலையா? நான் தர்ஷினி. ஜிந்துப்பிட்டி தர்ஷினி" என்றாள். தெரிந்தது. பத்தாம் வகுப்பில், பின்னைக் கழற்றிவிட்டு எழும்பி நின்று என்னைக் கேள்வி கேட்ட ஒரே பிள்ளை. "டீச்சர், இதை ஆம்பளப் புள்ளைங்களுக்கும் படிச்சுக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, உண்மையிலேயே அறிய வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் அவளை ஒரு பாடம் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். அந்த வழியால் போன மற்ற டீச்சர்மார் ஏன் நிற்கிறாய் என்று கேட்க, அவள் சொல்ல, ஒவ்வொருவரும் ஒரு குட்டுக் குட்டிவிட்டுப் போனார்கள்.

"யாருக்கு டீச்சர் இது?" என்றாள். "வரப்போற மருமகளுக்கு" என்றேன். "டொக்டர் எழுதின துண்டு இருக்கா?" "இல்லை." "அந்தப் புள்ளைக்குத் தலையிடி, ரத்தம் கட்டுறது, அப்படி ஏதாவது இருக்கா? இருந்தா இது கூடாது டீச்சர்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். நான் வாங்கவில்லை என்று சொல்லித் திரும்பினேன். பின்னால் இருந்து அவள் சொன்னாள், கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்: "நான் அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல டீச்சர்." காலி வீதியில் வெயிலுக்குள் நின்று அந்தப் பதிலை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை தர்ஷினி, ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வீட்டில் ஒருவன் இருக்கிறான், வந்து பார்.

இனி மாமி சொன்ன விற்றமின் கதை. அது பொய்யில்லை. அக்காவின் கலியாணத்துக்கு முன் இரண்டு கிழமை, காலைப் பாலோடு ஒரு குளிசை கொடுத்தேன். "களைப்பா இருக்கிறாய், விற்றமின் போடு" என்றேன். கலியாணம், பிறகு கோயில் நேர்த்தி என்று நாளை இழுத்தேன். ஒரு டொக்டரையும் கேட்கவில்லை. அவள் லண்டனுக்குப் போய், குளிசை நின்றதும், புது வீட்டில், புது மனிதர்களுக்கு நடுவில், நிற்காமல் இரத்தம் போயிருக்கிறது. "அம்மா, எனக்கு ஏதோ வருத்தம், பயமா இருக்கு" என்று போன் எடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? விஞ்ஞான டீச்சராகிய நான் சொன்னேன்: "கண்ணூறு பட்டிருக்கும், நூல் கட்டு." வருத்தக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவளுடைய மாமியார் நாலு பேருக்குச் சொன்னா. அதையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அன்றே நின்றிருக்கும். என் மானம் போய்விடும் என்று என் பிள்ளையின் மானத்தைப் போகவிட்டேன்.

நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஒன்பது வருடம் கழித்து. "அது விற்றமின் இல்லைப் பிள்ளை" என்று சொன்னேன். "தெரியும் அம்மா. கலியாணத்துக்கு முதல் நாள் குப்பைக்குள்ள பக்கற்றைக் கண்டனான்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் என்னட்டைக் கேக்கேல்ல?"

"இந்த வீட்டில இதைப் பற்றி ஆரோட அம்மா கதைக்கிறது?"

அவள் கத்தவில்லை, அழவில்லை. அவ்வளவும் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள். நீ ஞாயிற்றுக்கிழமை எதைக் கேட்டுச் சிரித்தாய் என்று இப்போது விளங்குகிறதா? உன்னுடைய அக்காவை வைத்துச் சிரித்தாய்.

இன்று வியாழக்கிழமை. மிதுலா பிளேன் ஏற இன்னும் இரண்டு நாள். நாலு நாளாக நீ அவளுக்குப் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். "அவள் தன்ர பாட்டில அடங்கிடுவாள்" என்று அப்பாவிடம் நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. அடங்குவதற்கு அவள் என்ன, கொதிக்கிற பாலா?

இன்று பின்னேரம் நீ வந்ததும், இதே மேசையில், அதே பிஸ்கட் டின்னில் போனைச் சாத்தி வைத்து, நாங்கள் எல்லாரும் பார்க்க அவளைக் கூப்பிடு. மாமியையும் வரச்சொல்லியிருக்கிறேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற வேலை வேண்டாம். எல்லார் முன்னாலும்தான் அவளைச் சிறுமைப்படுத்தினாய். பாலில் கரைக்கப் பார்த்ததையும், கேட்டு நீ சிரித்ததையும் உன் வாயாலேயே அவளுக்குச் சொல். அதைக் கேட்ட பிறகும் அவளுக்கு வர மனமிருந்தால், "நீர் எப்படி இருந்தாலும் வாரும்" என்று சொல். அடுத்த வெள்ளிக்கிழமை மணவறையில் அவளுக்கு நாள் வந்தால், பக்கத்தில் துவாயோடு நான் நிற்பேன். ஆருக்காவது அது துடக்கென்றால் அவர்கள் வீட்டில் இருந்து சாப்பிடட்டும்.

நீ கூப்பிடாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன். "பிள்ளை, ஏறாதை. என்ர மகன் ஒரு பொம்பிளையோட இருக்கிற அளவுக்கு இன்னும் வளரேல்ல, வளர்க்காதது என்ர பிழை" என்று சொல்லுவேன். மண்டபம் பேசியாயிற்று, கலியாணக் காட் கொடுத்தாயிற்று என்று எல்லாரும் என்னைக் கிழிப்பார்கள். பெற்ற பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பிய தாய் என்று வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும். கதைக்கட்டும். ஒரு பெண்பிள்ளைக்கு நான் கொடுத்த பால் போதும், இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பாலை என் அடுப்பில் காய்ச்சவிடமாட்டேன்.

தாள்கள் ஏழு வந்திருக்கின்றன. பறந்துவிடாமல் மேலே உப்புப் போத்தலை வைத்திருக்கிறேன். பின் அடிக்கவில்லை.

உன் சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. விளைமீன் குழம்பு. முள் எடுக்கவில்லை. நீயே எடுத்துச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, போனை எடு.

அம்மா